ஒருபோதும் விற்கப்படாத விலை

சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க. பெருங்கடைகளில் அரையாண்டுத் தள்ளுபடி தொடங்கிவிட்டது. கண்ணாடிச் சுவர்களில் சிவப்புத் தாள் ஒட்டி, ‘50% வரை’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘வரை’ என்னும் சொல் மட்டும் எறும்பு அளவில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாள்களில் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை நினைவுக்கு வரும்.

மூன்றாண்டுகளுக்கு முன், டெல்லியில் என் விடுதியறைக்கு அடுத்த அறையில் பீகாரின் சமஸ்திபூரிலிருந்து வந்த முதுகலை மாணவர் ஒருவர் தங்கியிருந்தார். மே மாதக் கடைசியில் அவருக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்று வந்தது. செவ்வாய்க்கிழமை தகவல், வெள்ளிக்கிழமை தேர்வு. நல்ல சட்டை ஒன்று வேண்டும் என்று என்னையும் கடைக்கு அழைத்துச் சென்றார். விலைச்சீட்டில் 2,499 ரூபாய். தம் ஊர்க் கடைத்தெருவில் பேரம் பேசிப் பழகியவர் அவர். இங்கே யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. விற்பனையாளர் மிகப் பணிவாக, ‘நிலையான விலை, ஐயா’ என்றார். முழுத்தொகையும் கொடுத்து வாங்கினார். ஐந்து வாரம் கழித்து அதே கடையில், அதே சட்டை 1,249 ரூபாய்க்குத் தொங்கியது.

அவர் கோபப்படவில்லை. ‘பையா, நீங்கள்தானே விலையைப் பற்றி ஆராய்கிறீர்கள், இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டார். ‘காலம் சார்ந்த விலைப் பாகுபாடு’ என்றேன். ‘பெயர் இருக்கிறதா? அப்படியானால் சரி’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்கு நான் இன்றுவரை மறுமொழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கான ஆயத்த ஆடைகளில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை, பல கடைகளில், விற்பதற்காக எழுதப்படும் விலை அன்று. அடித்துக் காட்டுவதற்காக எழுதப்படும் விலை. அந்த விலையை உண்மையில் கொடுத்துச் செல்பவர் செல்வந்தர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர் காத்திருக்க இயலாதவர்: நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், திருமண நாள் குறித்துவிட்டவர், பயணத்தில் பெட்டியைத் தொலைத்தவர்.

இந்நிலை எப்படி வந்தது என்பதை அறிய, நம் தந்தையர் துணி வாங்கிய விதத்தை எண்ணிப் பார்க்கலாம். துணிக்கடையில் மீட்டருக்கு ஒரு விலை. தையற்காரரிடம் தனியே கூலி. முழுக்கைச் சட்டைக்கு, 58 அங்குல அகலமென்றால் ஏறத்தாழ 1.60 மீட்டர், 36 அங்குலமென்றால் இரண்டேகால் மீட்டர். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. துணியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துக் கசக்கிப் பார்ப்பார்கள். கசங்கல் எவ்வளவு விரைவில் விரிகிறது என்று கவனிப்பார்கள். இழைகளைப் பிரித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. கூலி மிகுதி என்று தோன்றினால் வேறு தையற்காரரிடம் போனார்கள். துணி மிகுதி என்று தோன்றினால் அடுத்த கடைக்குப் போனார்கள். ஒரு சட்டையின் விலை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக இருந்ததால், அதில் எந்த எண் பொய் சொல்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆயத்த ஆடை அந்த இரண்டு எண்களையும் ஒன்றாக்கிவிட்டது. லூயி பிலிப் 1989இலும், வான் ஹியூசன் 1990இலும், ஆலன் சோலி 1993இலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. 1997இல் பீட்டர் இங்கிலாந்து வந்தபோது ‘நேர்மையான சட்டை’ என்றே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. இடைத்தர வருவாயினருக்கு ஏற்ற விலையில் நல்ல சட்டை என்பதே அதன் பொருள். விலையின் நேர்மையைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பது அக்காலச் சந்தையைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. கழுத்துப்பட்டைக்குள் ஒட்டப்பட்ட துணி எத்தகையது, ஓரத்தையல் ஒற்றை ஊசியா இரட்டை ஊசியா, நூல் அறுபதாம் எண்ணா நூறாம் எண்ணா என்பவற்றை இன்று கடைக்கு வருபவர் பெரும்பாலும் அறியார். அறியாதவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே அளவுகோல் விலைச்சீட்டு. சட்டையைத் தொடுவதற்கு முன்பே கை சீட்டைத் திருப்புகிறது. எந்தக் கடையிலும் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள், காண்பீர்கள்.

1985இல் ரிச்சர்டு தேலர் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் இன்றும் அடிப்படை நூல்போல் விளங்குகிறது. பொருளைப் பெறுவதால் வரும் நிறைவு வேறு, அதை நல்ல பேரத்தில் பெற்றோம் என்பதால் வரும் நிறைவு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது நிறைவு, நாம் கொடுத்த விலைக்கும் நம் மனத்தில் உள்ள ஒப்பீட்டு விலைக்கும் இடையிலான தொலைவைப் பொறுத்தது. சோப்புக்கும் பாலுக்கும் அந்த ஒப்பீட்டு விலை நம் நினைவிலேயே இருக்கிறது; வாரந்தோறும் வாங்குகிறோம். ஆண்கள் சட்டையை ஆண்டுக்கு இருமுறை வாங்குகிறார்கள்; கோட்டை வாழ்நாளில் மூன்று முறை. நினைவில் எண் இல்லாத இடத்தில் சீட்டில் உள்ள எண் வந்து அமர்ந்துகொள்கிறது. எழுதியவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

விடுதியில் யாராவது புதுச்சட்டை அணிந்து வந்தால் அவரிடம் விலை கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணைச் சொல்பவர் அரிது. ‘இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய்ச் சட்டை, ஆயிரத்து இருநூறுக்கு எடுத்தேன்’ என்றுதான் விடை வரும். முதல் எண் சட்டையின் தகுதிக்கு. இரண்டாம் எண் தம் திறமைக்கு. நான் கவனித்தவரை, இதில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதி. ஏமாளி என்று பெயர் எடுத்துவிடக் கூடாது என்னும் அச்சம். சட்டை பிடிக்காமல் போனாலும் தாங்கிக்கொள்வார்கள். அடுத்த அறைக்காரர் குறைந்த விலைக்கு வாங்கினார் என்பதைத் தாங்கமாட்டார்கள்.

தமிழில் ‘தள்ளுபடி’ என்னும் சொல் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி, விலைத் தள்ளுபடி. கடன் தள்ளுபடியில், தள்ளப்படுவதற்கு முன் ஒரு கடன் உண்மையாகவே இருந்தது. மனுவும் இருந்தது. விலையில் மட்டும், தள்ளப்படும் பகுதி ஒருநாளும் இருந்திராமலே தள்ளப்படுகிறது. ஆடித் தள்ளுபடிகூடத் தொடக்கத்தில் ஓர் உண்மையின்மேல் நின்றது: திருமணம் நடவாத மாதம், விற்பனை மந்தம், சரக்கு தேங்குகிறது, ஆகவே குறைக்கிறோம். காதி விற்பனையகங்களின் காந்தி பிறந்தநாள் தள்ளுபடியிலும் கழிக்கப்படும் தொகைக்கு ஒரு கணக்கு இருந்தது; நெடுங்காலம் அரசு அதை மானியமாகத் திருப்பிக் கொடுத்துவந்தது. அக்டோபர் 2 அன்று டெல்லி கன்னாட் பிளேஸ் காதி பவனில் நிற்கும் கூட்டம், அந்த விலை ஏன் குறைகிறது என்பதை அறிந்தே நிற்கிறது.

அதிகபட்ச சில்லறை விலை என்னும் ஏற்பாடு நல்ல நோக்கத்தோடு வந்தது. முன்பு பொட்டலங்களில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று அச்சிட இடமிருந்தது. அந்த மூன்று சொற்களின் மறைவில் கடைக்காரர் தமக்குத் தோன்றியதை வசூலித்தார். அதைத் தடுக்கவே, 1977ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, 1990இல் எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலையை அச்சிடச் செய்தனர். இன்று 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டு விதிகளும் அதையே தொடர்கின்றன. உப்புக்கும் பிஸ்கோத்துக்கும் இது காவல். பேருந்து நிலையக் கடைக்காரர் ஒரு ரூபாய் கூட்டி வாங்கினால் சீட்டைக் காட்டிச் சண்டையிடலாம். ஆனால் இந்தச் சட்டம் ‘இதற்கு மேல் விற்காதே’ என்று சொல்கிறதே தவிர, ‘இவ்வளவு உயரத்தில் எழுதாதே’ என்று சொல்வதில்லை. உப்பு விற்பவர் உயர்த்தி எழுதினால் விற்பனை கெடும். சட்டை விற்பவர் உயர்த்தி எழுதினால் விற்பனை கூடும். ஒரே விதி இரு பொருள்களில் நேர்மாறாக வேலை செய்கிறது.

கிழக்கு டெல்லியின் காந்திநகர், ஆயத்த ஆடைகளுக்குப் பேர்பெற்ற மொத்தச் சந்தை. அங்கே ஒரு சந்துக்கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது, என்னைச் சில்லறைக் கடைக்காரர் என்று எண்ணிக்கொண்ட வியாபாரி, சட்டை ஒன்று 310 ரூபாய் என்று சொல்லிவிட்டு, ‘எம்.ஆர்.பி. எவ்வளவு போடட்டும்?’ என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ‘999 போடலாம், 1,499 போடலாம். உங்கள் கடை எந்த மாதிரி?’ என்றார். சட்டை எந்த மாதிரி என்பதன்று, கடை எந்த மாதிரி என்பதே கேள்வி. பொருளியலில் நான் படித்த எந்தப் பாடமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

‘இது இருதரப்பும் அறிந்து ஆடும் ஆட்டம், பழைய பேரத்தின் புது வடிவம், இதில் யாருக்கு என்ன இழப்பு?’ என்று வணிக மேலாண்மை படிக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. மதிக்கத்தக்க வாதம். பேரத்திலும் கடைக்காரர் உயர்த்தித்தான் சொல்வார். ஆனால் பேரத்தில் வாங்குபவருக்கும் வாய் உண்டு. கடைவாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கினால் பின்னாலிருந்து ஒரு குரல் அழைக்கும். மேலும், பேரத்தில் சொல்லப்படும் விலை கடைக்காரரின் சொல் மட்டுமே. சீட்டில் உள்ளதோ, அரசின் விதிப்படி அச்சிடப்பட்ட எண். அதற்கு ஒரு முத்திரையின் மதிப்பு உண்டு. என் நண்பர் அதை நம்பியதற்கு அவருடைய அறியாமை காரணமன்று. சட்டத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதையே காரணம்.

இந்த ஆட்டம் கடைகளுக்குமே நல்லதா என்பது வேறு கேள்வி. டெல்லியைச் சேர்ந்த கூட்டன்ஸ் நிறுவனத்தை நாற்பது வயதைத் தாண்டியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் பெருந்தள்ளுபடி. சிறு நகரங்களிலும் கடை. 2007இல் பங்குச்சந்தைக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் வரை பெருகியது. சில ஆண்டுகளிலேயே தேங்கிய சரக்கிலும் கடனிலும் மூழ்கிப்போனது. தள்ளுபடி ஒன்றே அதை அழித்தது என்று சொல்ல மாட்டேன். அளவுமீறிய விரிவாக்கமும் கடனும் பெரும் பங்கு வகித்தன. ஆயினும் எப்போதும் பாதி விலை என்றால் மக்கள் அந்தப் பாதியையே முழு விலையாகக் கொள்வார்கள். பிறகு அதிலும் பாதி கேட்பார்கள்.

எதிர்த்திசையில் கொல்கத்தாவில் தொடங்கிய மான்யவரைக் காணலாம். மணமகன் உடைகளில் பருவ இறுதித் தள்ளுபடி இல்லை என்பதைத் தன் கொள்கையாகவே வைத்துக்கொண்டு, 2022இல் பங்குச்சந்தைக்கு வந்தது. விலை குறைவு என்று யாரும் சொல்லார். ஆனால் இன்று வாங்கியவரும் அடுத்த மாதம் வாங்குபவரும் ஒரே தொகையைத்தான் கொடுக்கிறார்கள் என்பதால், ஏமாந்தோமோ என்னும் அச்சம் எழ இடமில்லை. டாட்டா குழுமத்தின் ஸூடியோ, ஆயிரம் ரூபாய்க்குள் பெரும்பாலானவற்றை விற்று, தள்ளுபடிப் பலகை இல்லாமலே கூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. இவ்விரண்டும் எனக்கு நம்பிக்கையளிப்பவை. அதேவேளை எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவின் ஜேசி பென்னி 2012இல், பொய்யான உயர்விலைகளை நீக்கி நேர்விலைக்கு மாறப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டே விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் தலைமை அதிகாரி ரான் ஜான்சன் வெளியேறினார். தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளரிடம் திடீரென்று உண்மை பேசினால் அவர் அதை விலையேற்றம் என்றே கொள்கிறார். தொடக்கத்திலிருந்தே நேர்மையாக இருப்பது எளிது. இடையில் திருந்துவது கடினம்.

இனி வரியைப் பற்றி. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. கணக்கு பிடிக்காதோர் இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். 999 என்னும் விலையை நாம் மனமயக்கு உத்தி என்று மட்டுமே கருதுகிறோம். பாட்டா செருப்புக் கடையின் 95 பைசாவிலிருந்து அந்த வழக்கை அறிவோம். ஒன்பதில் முடியும் விலைக்குத் தனி ஈர்ப்பு உண்டு என்பதை, 2003இல் வெளிவந்த ஆண்டர்சன், சிமெஸ்டர் ஆய்வு பெண்கள் உடைப் பட்டியலில் நேரடிச் சோதனைகளால் காட்டியது. ஆனால் இந்தியாவில் 999க்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2017 முதல் ஆயிரம் ரூபாய் வரையிலான உடைக்குச் சரக்கு சேவை வரி 5%. அதைத் தாண்டினால் 12%. கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லைக்கோடு 2,500 ரூபாய்க்கு நகர்ந்தது. கோட்டுக்குக் கீழே 5%, மேலே 18%.

இந்தக் கோடு வரி நீங்கிய மதிப்பில் வரையப்படுவது. ஆகவே வரியோடு 2,625 ரூபாய்க்கு விற்கும் கடைக்குக் கையில் நிற்பது 2,500. வரியோடு 2,950க்கு விற்றாலும் கையில் நிற்பது அதே 2,500 அளவுதான். இடைப்பட்ட 325 ரூபாய் ஒரு பாழ்நிலம். 2,799 என்று ஒரு விலை எழுதிப் பாருங்கள். 5% என்று கொண்டால் அடிப்படை மதிப்பு 2,665. எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே 18%. 18% என்று கொண்டால் அடிப்படை மதிப்பு 2,372. எல்லைக்குள் வருகிறது, ஆகவே 5%. அந்த விலை தர்க்கப்படியே நிற்க இயலாதது. இப்போது 2,999 ரூபாய்ச் சட்டையொன்றைக் கடைக்காரர் விற்பனைச்சீட்டில் 374 ரூபாய் தள்ளுபடி காட்டி 2,625க்குத் தருகிறார் என்று வையுங்கள். கடைக்காரர் உண்மையில் இழப்பது ஏறத்தாழ 41 ரூபாய். மீதி வரியில் குறைகிறது. தள்ளுபடியின் ஒன்பதில் எட்டுப் பங்கை அரசு சுமக்க, பலகையில் கடையின் தாராளம் எழுதப்படுகிறது. நேர்மையாக 2,700 ரூபாய்க்குச் சட்டை தைத்து விற்க விரும்புபவருக்கு இந்நாட்டில் இடமில்லை. உயர்த்தி எழுதிக் குறைப்பவருக்கு இடமுண்டு. இதை வகுத்தவர்கள் இப்படி எண்ணி வகுத்திருக்க மாட்டார்கள். விளைவு இதுதான்.

சட்டம் இல்லாமையும் இதற்குக் காரணமன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற வணிக நடைமுறை என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதைப் பற்றி மக்களைத் தவறாக எண்ணவைப்பதையும் சேர்த்திருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது. ‘வழக்கமாக’ என்னும் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டால் போதும். ஆண்டில் பெரும்பகுதி பாதி விலைக்கு விற்கப்படும் சட்டையின் வழக்கமான விலை அந்தப் பாதிதான். அப்படியானால் ‘50% தள்ளுபடி’ என்பது அச்சட்டத்தின் பொருளிலேயே தவறான கூற்று. நுகர்வோர் மன்றங்கள் இவ்வகையில் தயங்குபவையும் அல்ல. தள்ளுபடி விலைமேல் தனியே வாட் வரி வசூலித்த ஆடை காலணிக் கடை ஒன்றின் வழக்கில், எல்லா வரிகளும் அடங்கியதே அச்சிட்ட விலை. அதைக் குறைத்துக் காட்டிவிட்டு வரியை மேலே ஏற்றுவது நேர்மையற்ற நடைமுறை என்று தேசிய ஆணையம் 2017இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கூட்டல் பிழையைத் திருத்தியது. தொடக்க எண்ணையே கேள்வி கேட்கும் வழக்குக்காக நான் காத்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், விலைக்குறைப்பு அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாள்களில் அப்பொருளை விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்டியாக வேண்டும். அங்கும் இதைச் சுற்றிச் செல்ல வழி தேடுவோர் உண்டு. ஆயினும் ஒரு வரி கூடுதலாக அச்சிடப்படுகிறது. அதை நாமும் கேட்கலாம் என்பதே என் வேண்டுகோள். நம் கடைகளுக்கு இது கடினமும் அன்று. ஒவ்வொரு விற்பனைச்சீட்டும் வரிக்கணக்குக்காகக் கணினியில் ஏற்கெனவே பதிவாகிறது. தள்ளுபடிப் பலகைக்கும் எம்.ஆர்.பி.க்கும் கீழே, ‘கடந்த முப்பது நாள்களில் இங்கே விற்ற குறைந்த விலை’ என்று இன்னோர் எண். நூறு சதுர அடிக் கடைகளை விட்டுவிடலாம். பல நகரங்களில் கிளை வைத்திருப்போரிடமிருந்து தொடங்கலாம்.

என் பீகார் நண்பருக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது பாட்னாவில் இருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். தம்பிக்குத் திருமணமாம்; கோட்டு எடுக்க வேண்டும். ‘பையா, எப்போது வாங்கினால் சரியாக இருக்கும்?’ என்று கேட்டார். குளிர்காலத் தள்ளுபடி டிசம்பர் கடைசியில் தொடங்கும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. திருமணம் நவம்பர் 27.